சார் கேட்ட சுவர்க்கோழி

போன மாதம் ஒரு மழை மூட்டமான மதியம், பழைய துறையை எட்டிப் பார்க்கப் போயிருந்தேன். ஆய்வு மாணவி ஒருத்தி செல்போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள். பூச்சி, பறவை எதுவானாலும் சத்தத்தைக் கேட்டே இனத்தின் பெயரைச் சொல்லிவிடும் செயலியாம். பீரோவுக்குப் பின்னால் ஒரு சுவர்க்கோழி கத்துகிறது என்றாள். போனை அங்கே காட்டினாள். அது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏதோ ஒரு குருவியின் பெயரைச் சொன்னது. இருவரும் சிரித்து முடித்த பிறகு, "அப்ப நீங்கல்லாம் எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க? எழுதிக் குடுங்களேன்" என்றாள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா? உட்கார்ந்துவிட்டேன்.

நான் பிறந்தது சிவகாசியில். அப்பாவுக்கு லேபிள் அச்சடிக்கும் பிரஸ். வாழ்க்கைப்பட்டது விருதுநகரில். வேலை பார்த்தது ஒரே கல்லூரியில், ஒரே துறையில், விலங்கியல். படித்ததும் பட்டம் வாங்கியதும் எல்லோருக்கும் நடப்பதுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. நான் எடுத்துக்கொண்ட பூச்சிதான் வீட்டில் யாருக்கும் செரிக்கவில்லை. சுவர்க்கோழி என்றால் சுவர் இடுக்கில் மட்டும் இருப்பது என்று நினைக்க வேண்டாம். மரத்தில், புல்லில், மண் வெடிப்பில் என்று எத்தனையோ வகை. ஆண் மட்டும்தான் பாடும். அப்பா ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "ஊரே சத்தத்த வித்துப் பொழைக்குது. எம் மக மட்டும் சத்தம் போடுறதப் புடிச்சு சாராயத்துல போடுறா." அவர் சொன்னதில் தப்பில்லை. ஆல்கஹால் புட்டியோடுதான் நான் அலைந்தேன்.

என்னை ஆளாக்கியவர் வேலுச்சாமி சார். துறைத் தலைவர். மல்லாங்கிணறு பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பம். கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று நினைத்ததுண்டு. நுண்ணோக்கியின் கீழே ஒரு பூச்சியை வைப்பார், நாற்காலியை விட்டு எழுந்திருப்பார், "பாரு" என்பார், டீ குடிக்கப் போய்விடுவார். திரும்பி வந்ததும், "என்ன பார்த்த?" நான் உற்சாகமாக, "இது அந்த வகை மாதிரி இருக்கு சார்" என்றால் தலையை ஆட்டுவார். "அது நீ நெனச்சது. பார்த்ததச் சொல்லு." எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டி ஒருநாளும் சொல்ல மாட்டார். சொன்னால் நாம் அதை மட்டும்தான் பார்ப்போமாம். முதல் வருடம் முழுக்க வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறேன். இரண்டாம் வருடம் பார்க்கப் பழகிவிட்டேன்.

அவர் பழக்கிய முறை இதுதான். முதலில் முகம், கால், முள் எல்லாவற்றையும் பார்த்துக் கையால் படம் வரைய வேண்டும். போட்டோ எடுத்தால் கண் சோம்பேறியாகிவிடும் என்பார். அடுத்தது இறக்கை. ஆண் பூச்சியின் வலது முன் இறக்கையைத் திருப்பிப் போட்டால், ஒரு நரம்பு நெடுக அரம் மாதிரி பல் வரிசை இருக்கும். இடது இறக்கையின் விளிம்பு அதில் உரசித்தான் பாட்டு வருகிறது. அந்தப் பற்கள் எத்தனை, நெருக்கமா, இடைவெளியா, எந்தப் பக்கம் சிறுத்துப் போகின்றன என்று இனத்துக்கு இனம் வேறுபடும். கடைசியாக ஆணின் பிறப்புறுப்பு. மணல் பருக்கை அளவு இருக்கும். அதை எடுத்துச் சுத்தம் செய்து பார்த்தால், வெளியே ஒரே அச்சாக இருக்கும் இரண்டு பூச்சிகள் வேறு வேறு இனம் என்று தெரிந்துவிடும். கல்யாணமான புதிதில் மாமியார், "இன்னைக்கு காலேஜ்ல என்னம்மா வேலை?" என்று கேட்டபோது நான் பாடம் எடுத்தேன் என்றுதான் சொன்னேன்.

சாரின் குணத்துக்கு ஒரு சம்பவம் சொன்னால் போதும். குஜராத் பக்கம் நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் கிடைத்த பிசின் கட்டியை அவருடைய நிலவியல் நண்பர் கொண்டுவந்தார். கோடிக்கணக்கான வருடம் முந்தைய மரத்தின் பிசின் அது. பனங்கற்கண்டு நிறம். உள்ளே ஒரு சுவர்க்கோழி. கால் மடித்து, மீசை நீட்டி, நேற்று விழுந்தது மாதிரி இருந்தது. துறையே கூடிவிட்டது. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாமா என்று கல்லூரி முதல்வர் ஆள் அனுப்பினார். சார் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "பாரு."

பார்த்தேன். "இறக்கை இல்ல சார். மொட்டு மாதிரி இருக்கு."

"அம்புட்டுதான். இது குழந்தை. பேரு வைக்க வயசு பத்தல."

முதல்வரே நேரில் வந்துவிட்டார். "உலகத்துலயே இது ஒண்ணுதான்னு சொல்றாங்களே, ஒரு பேர் வச்சா என்ன குறைஞ்சா போயிரும்?"

"வைக்கலாம் சார். நாளைக்கு இன்னொரு கட்டியில இதோட ஆத்தா அப்பன் வேற பேரோட வந்து நிப்பாக. அப்ப யாரு பதில் சொல்றது?"

கட்டி பெயரில்லாமலே திரும்பிப் போனது. அடுத்த வருடம் அதே நண்பர் ஒரு கல் பலகை கொண்டுவந்தார். அதில் பூச்சியே இல்லை, ஒரே ஒரு ஆண் இறக்கையின் பதிவு. ஆனால் நரம்பு ஒவ்வொன்றும் கோலம் போட்ட மாதிரி தெளிவு. அதற்கு சார் சந்தோஷமாகப் பெயர் வைத்தார். பல் வரிசையை அளந்து, "இது எம்புட்டு சன்னமாப் பாடியிருக்கும்னுகூடச் சொல்லலாம்மா" என்று அன்றைக்கெல்லாம் அந்தக் கல்லை மேஜையிலேயே வைத்திருந்தார். அந்தக் கட்டுரையில் என் பெயரையும் சேர்த்தார். நான் செய்தது படம் வரைந்தது மட்டும்தான்.

இனி நான் சொல்ல வந்த கதை. சார் ஓய்வு பெற்ற பிறகும் தினமும் துறைக்கு வருவார். அப்படி ஒரு தீபாவளிக்கு என் கொழுந்தனார் செல்வம் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் அனுப்பியிருந்தார். என் கணவரின் சித்தப்பா மகன், சொந்தமாக வெடிக் கம்பெனி வைத்திருப்பவர். பெட்டியைப் பிரித்த என் கணவர் அலறிக்கொண்டு சோபாவில் ஏறிவிட்டார். மத்தாப்புப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து கரிசல் மண் நிறத்தில் ஒன்று குதித்து டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் போனது. டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்தேன். ஆண் சுவர்க்கோழி. முகத்தைச் சுற்றி வெளிறிய கோடு. அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

துறையில் இருந்த மாதிரிகள், உலகத்தில் வெளியான விளக்கங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிட்டேன். எதனோடும் சேரவில்லை. இறக்கைப் பற்கள் இவ்வளவு இடைவெளியில் எந்த உறவுக்கார இனத்துக்கும் கிடையாது. ஊசியில் குத்தி, கிடைத்த இடம் விருதுநகர், என் வீடு என்று சீட்டு எழுதி சாரிடம் கொண்டுபோனேன். சீட்டைப் படித்தார்.

"இது ஒன் வீட்டுலயா பொறந்துச்சு?"

"பெட்டியில வந்துச்சு சார்."

"அப்ப பெட்டி எங்கன பேக் ஆச்சுன்னு கேளு."

கேட்டேன். ஆனைக்குட்டம் பக்கம் செல்வத்தின் கம்பெனியில். அதைச் சொன்னதும் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இளவயதில் ஆனைக்குட்டம் ரோட்டில் பஸ் பழுதாகி நின்றபோது, ஒரு வெடிக் கம்பெனி வேலிக்கு உள்ளேயிருந்து ஒரு பாட்டுக் கேட்டாராம். அதற்கு முன்னும் பின்னும் அதைக் கேட்டதில்லை. பிறகு எத்தனையோ புரட்டாசியில் அந்த வேலியோரம் போய் நின்றிருக்கிறார். லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே விடவும் ஆளில்லை. கம்பெனியைச் சொந்தக்காரர்கள் விற்று, கைமாறி, இப்போது செல்வத்திடம் இருக்கிறது. அதே வேலி.

"இப்ப போய் நின்னாலும் எனக்குப் புண்ணியமில்லம்மா. மனுசன் பேசுறது கேக்குது. பூச்சி பேசுறது நின்னு போச்சு" என்றார். வயதானால் சன்னமான சத்தங்கள்தான் முதலில் காதை விட்டுப் போகும். சுவர்க்கோழி ஆய்வாளருக்கு அதைவிடக் கொடுமை ஏது? அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது எப்படிப் பாடுச்சு சார்?"

"சொல்ல மாட்டேன். சொன்னா ஒங் காது அதத்தான் தேடும்."

ஒற்றைப் பூச்சியை வைத்துப் பெயர் வைப்பது சாருக்குப் பிடிக்காது. இன்னும் சில ஆண்கள் வேண்டும், பாட்டும் வேண்டும். மழை விழுந்ததும், வளர்ந்த ஆண் பூச்சிகள் புரட்டாசி, ஐப்பசியில் பாடிவிட்டு முடிந்துபோகும். எனவே ஒரு வருடம் காத்திருந்தேன். சார் இன்னொரு முறை அந்தப் பாட்டைக் கேட்கவேண்டும் என்பது மட்டும்தான் அந்த வருடம் என் மனதில் இருந்தது.

அடுத்த புரட்டாசியில் செல்வத்தின் ஆபீசுக்குப் போனேன்.

"வாங்க மதினி, எப்படி இருக்கீக? அண்ணன் சௌக்கியமா?" என்று காபி சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. "சீசன் மதினி. வடக்க இருந்து லோடு கேட்டு உசுர வாங்குறாக. இந்த நேரத்துல வெளி ஆள் யாரையும் உள்ள விட முடியாது. தீபாவளி முடிஞ்சு கம்பெனி அடைச்சிருக்கும், அப்ப வந்து அம்புட்டையும் புடிச்சுட்டுப் போங்க."

"அப்ப செத்துப் போயிருக்குமே."

"அப்ப அடுத்த வருசம்?"

"அடுத்த வருசமும் உங்களுக்கு சீசன்தான."

அவர் தலையைச் சொறிந்தார். அப்போதுதான் இன்னொரு செய்தியும் வந்தது. வெடி செய்யும் சின்னக் கட்டடம்தான் செட். செட்டுக்கும் செட்டுக்கும் நடுவே நிறைய இடம் விட்டுத்தான் கம்பெனி கட்டவேண்டும். அந்த வெற்றிடத்தில் புல் காய்ந்து நின்றால் தீப்பிடிக்கும். வழக்கமாகப் பெண்கள் கையால் வெட்டுவார்கள். இந்த வருடம் ஆள் கிடைக்காததால் திங்கள்கிழமை டிராக்டர் விட்டு மொத்தமாக உழுதுவிடப் போகிறார்களாம். அந்தப் பூச்சி இருப்பதே அந்த மண்ணின் வெடிப்புகளில். சுற்றியிருந்த மானாவாரிக் காடெல்லாம் பிளாட்டாகிவிட்டது. கடவுளே என்று உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்து செல்வத்துக்கு என்ன தோன்றியதோ, "போர்மேன் சொல்றபடி கேப்பீகளா?" என்றார்.

போர்மேன் முத்துராஜ், வெடிமருந்துக் கலவைக்குப் பொறுப்பானவர். என்னைத் தலை முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தார். நைலான் கலந்த சேலை கூடாது. செருப்பு கூடாது. கொண்டை ஊசி, சேஃப்டி பின் கூடாது. செல்போன், டார்ச், டேப் ரெக்கார்டர் எதுவும் கூடாது. பூச்சியை இடுக்கி எடுக்கும் இரும்புச் சாமணம் கூடாது. என் ஆல்கஹால் புட்டியைப் பார்த்ததும், "மேடம், இத வச்சுக்கிட்டு கேட்டு பக்கத்துலகூட நிக்காதீக" என்று கும்பிட்டார். பூச்சி ஆய்வாளரிடமிருந்து ஊசி, சாமணம், புட்டி, ரெக்கார்டர் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் ஒரு பொம்பளைதான். பாட்டை உள்ளே பதிவு செய்ய வழியே இல்லை. உயிரோடு பிடித்து வெளியே கொண்டுவந்து பாடவைக்க வேண்டும்.

டெய்லரிடம் பருத்தி மல்லுத் துணியில் சின்னச் சின்னச் சுருக்குப் பைகள் தைத்து வாங்கினேன். இரண்டு ஆண்களை ஒரே பையில் போட்டால் ஒன்றையொன்று கடித்துக் காலை எடுத்துவிடும். பிடிக்க ஒரே வழி தண்ணீர். வெடிப்பில் தண்ணீர் ஊற்றினால் உள்ளே இருப்பது மேலே வரும். தண்ணீருக்கு வெடிக் கம்பெனியில் தடையில்லை, செட்டுக்கு செட் வாளி வாளியாக வைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்கள் வேலை முடித்துக் கிளம்பியதும் முத்துராஜ் என்னைக் கூட்டிப்போனார். வாசலில் பதித்திருந்த செப்புத் தகட்டில் கை வைக்கச் சொன்னார், உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடுமாம். வெறுங்காலில் கரிசல் ஒட்ட ஒட்ட நடந்தேன். அவர் தள்ளி நின்றுகொண்டு என் கையை மட்டும் கவனித்தார். பக்கத்தில் போனால் பாட்டு நின்றுவிடும் என்பதால் புல் நடுவே குப்புறப் படுத்துவிட்டேன். வெளிச்சம் மங்கியதும் ஆரம்பித்தது. அதுவரை நான் கேட்டிராத பாட்டு. இரண்டிரண்டாக, இடைவிடாமல், வளையல் உரசுகிற மாதிரி. இதைத்தான் சார் கேட்டிருக்கிறார் என்று நினைத்தபோது மண்ணில் முகம் வைத்தபடியே அழுதுவிட்டேன்.

முதல் வெடிப்பில் தண்ணீர் ஊற்றி ஒன்றைப் பிடித்தேன். இரண்டாவதும் கிடைத்தது. மூன்றாவதற்குச் செம்பைச் சரித்தபோது மேற்கே மின்னியது.

"மேடம், வெளிய வாங்க!"

"ஒரு நிமிசம்ணே, மேல வந்துக்கிட்டிருக்கு."

"இடி நம்ம பேச்சக் கேக்காது. ஓடியாங்க!"

பேசிக்கொண்டே வந்து கையைப் பிடித்து இழுக்காத குறையாக வெளியே கொண்டுவந்துவிட்டார். கேட்டைத் தாண்டியதும் இழுத்துப் பூட்டினார். "தப்பா நெனைக்காதீக. இந்த கேட்டுக்குள்ள யாருக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது" என்றார். நான் தப்பாக நினைப்பதா! பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்.

பைகள் இரண்டும் என் வீட்டுச் சமையலறைக்கு வந்தன. வெள்ளரித் துண்டு போட்டேன். என் கணவர் டி.வி. போடக்கூடாது, மிக்சி ஓடக்கூடாது. "கம்பெனிக்காரன் சட்டம் பரவாயில்ல போல" என்று பேப்பரைக்கூடச் சத்தமில்லாமல் புரட்டினார். கடைசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம் இரண்டில் ஒன்று வாயைத் திறந்தது. பதிவு செய்துவிட்டேன். பிறகு இறக்கை, பிறப்புறுப்பு எல்லாம் பார்த்தோம். பெட்டியில் வந்த பூச்சியும் இவையும் ஒரே இனம். உலகத்துக்குப் புதிது. அதில் சந்தேகமே இல்லை.

இயற்பியல் துறையில் ஒரு தம்பி கம்ப்யூட்டரில் பாட்டின் வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் கீழே இறக்கித் தந்தார். சாரின் காதுக்கு எட்டும் அளவுக்கு. ஹெட்போனை நானே மாட்டிவிட்டேன். அந்த இனத்துக்கு அவர் பெயரை வைப்பதென்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டிருந்தேன். சார் கண்ணை மூடிக் கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. எத்தனை வருடம் கழித்து அவர் காதில் ஒரு சுவர்க்கோழி! மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"நல்லாப் பாடுது. புது இனந்தான், எழுது." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா நான் கேட்டது இது இல்லம்மா."

எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. "எம்புட்டு வருசமாச்சு சார்! மறந்திருப்பீங்க."

"மறந்திருந்தா எனக்கு எம்புட்டு வசதி" என்று சிரித்தார். அவர் ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும். இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் கிடையாது. நானாக இருந்தால் ஆட்டியிருப்பேன்.

பிறகு என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, என் காதருகே குனிந்து, நாக்கை மேலண்ணத்தில் தட்டி அந்தப் பாட்டைப் பாடிக்காட்டினார். முதல் தடவையாக. இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. "அப்ப அங்கன ரெண்டு இனம் இருக்கு பாத்தியா!" என்று மேஜையைத் தட்டினார். தோற்றவர் முகமாகவே இல்லை அது. எனக்குத்தான் கண்ணீர் நிற்கவில்லை.

அவர் பெயரை வைக்கவும் விடவில்லை. கரிசலின் பெயரை வைத்தோம். செல்வம் அந்தத் திங்கள்கிழமையே டிராக்டர் யோசனையை விட்டுவிட்டு, கூலி கூடக் கொடுத்துக் கையால் புல் வெட்டவைத்தார். இன்றுவரை அப்படித்தான். "ஒங்க பூச்சி படத்தப் போட்டு ஒரு சரவெடி விட்ருவோமா மதினி?" என்று விசேஷ வீடுகளில் என்னைச் சீண்டுவது வேறு. ஒவ்வொரு புரட்டாசியிலும் முத்துராஜ் அண்ணன் கேட்டைத் திறந்துவிட்டார். சார் கேட்டது எனக்குக் கிடைக்கவில்லை. சாரும் போய்விட்டார். இத்தனை பேர் இவ்வளவு தூரம் ஒரு பூச்சிக்காரிக்காக வளைந்து கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு நிறைந்துவிடுகிறது. இதைவிட நல்ல உத்தியோகம் எனக்கு அமைந்திருக்காது.

இந்த வருடம் டாக்டர் என் காதைப் பரிசோதித்துவிட்டு, சார் காதுக்கு நேர்ந்ததே எனக்கும் என்று சொல்லியிருக்கிறார். செல்போன்காரப் பெண்ணிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். வருகிற புரட்டாசியில் அவளைக் கூட்டிக்கொண்டு ஆனைக்குட்டம் போகிறேன். சார் கேட்டது எப்படிப் பாடும் என்று இப்போதே நச்சரிக்கிறாள். அவளிடமும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதவில்லை. அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வரட்டும். கம்பெனி கேட்டுக்கு வெளியே நான் உட்கார்ந்திருப்பேன். வந்து, என் காதருகே குனிந்து, அவள் வாயால் எனக்குப் பாடிக்காட்ட வேண்டும்.